பிரஷர் இல்லையென்று சொல்லி வாங்கிய வலி மாத்திரை

அனுப்புநர்:
தையல் கடை நடத்துபவள்,
லேத் பட்டறைத் தொழிலாளியின் மனைவி,
ரொட்டிக் கடைக்கு மேல் மாடி.

பெறுநர்:
மருந்துக் கடைகளின் ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: மருத்துவர் சீட்டைப் பார்க்காமல் இரத்த அழுத்த நோயாளிக்கு ஆறு வாரம் வலி மாத்திரை விற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நான்கு ஆண்டுகளாகக் காலையில் பிரஷருக்கு ஒரு மாத்திரையும் நீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். நாள் முழுவதும் லேத் முன் நிற்பதால் முழங்கால் வலி. அதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. வெந்நீர்ப் பையோடு அருகில் போனால், "போய் வேலையப் பாரு" என்பார்.

2. முக்கு மருந்துக் கடையில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தார். வலி அங்கே போய்ச் சொல்லப்பட்டது. பத்து மாத்திரை உள்ள அட்டையை ஒரே தடவையில் வாங்கியிருக்கலாம். இவர் தினமும் இரண்டிரண்டாக வாங்கினார். மாத்திரை வாங்கப் போக இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

3. ஆறாவது வாரம் அவருக்குக் கால் இரண்டும் வீங்கின. சிறுநீர் குறைந்தது. பட்டறையில் தலைசுற்றி, ஓடும் இயந்திரத்தின் மேல் சாய இருந்தவரைப் பக்கத்தில் நின்றவர் இழுத்துப் பிடித்தார். மருத்துவமனையில் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. இவருடைய சட்டைப் பையிலிருந்த மாத்திரையை டாக்டர் பார்த்ததும், "இது பிரஷர ஏத்தும். நீங்க சாப்பிடுற ரெண்டு மாத்திரையோட சேர்ந்தா கிட்னியக் கெடுத்துடும். வலின்னா என்னைக் கேட்டுட்டு, அளவா பாராசிட்டமால் போடுங்க" என்றார். ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்து வந்தார்.

4. மருத்துவமனையில் சேர்த்த அன்றே அந்தக் கடைக்குச் சென்றேன். உள்ளதைச் சொல்வதென்றால், சண்டை போட ஒரு காரணம் கிடைத்த திருப்தியோடுதான் சென்றேன். அந்தப் பெண் முகம் வெளுத்து, "அக்கா, மூணு தடவ கேட்டேன். பிரஷர், சுகர் ஒண்ணுமே இல்லன்னாரு" என்றார். திரும்பி வந்து கட்டிலருகே நின்று கணவரைக் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பொண்ணுகிட்டப் போயி நான் நோயாளின்னு சொல்லணுமா?" என்றார். அன்று நான் அழுதது எதற்காக என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

5. ஆயினும் வாய்ப்பேச்சை நம்பி ஆறு வாரம் விற்றது தவறு. சீட்டைப் பார்க்காமல் இவ்வகை மாத்திரைகளைத் தொடர்ந்து தரக் கூடாதென உத்தரவிட வேண்டும். பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை வைக்கச் செய்ய வேண்டும். அந்தப் பெண்ணின் வேலைக்குப் பங்கம் வர வேண்டாம். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அது தங்கள் துறைக்கு உட்பட்டதன்று என அறிவேன்.

6. இனி மருந்து வாங்க நானே வருவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். "ரொம்ப நல்லதுக்கா" என்று நிம்மதியாகச் சிரித்தார். வீட்டில் சொன்னபோது என் கணவரின் முகம்தான் வாடியது.

பலகை விஷயத்தில் தாமதம் வேண்டாமெனப் பணிந்து கேட்கும்,

(கையொப்பம்)
தையல்காரி

இடம்: ரொட்டிக் கடை மாடி
நாள்: 14, செவ்வாய்க்கிழமை