மரத்தில் மூழ்கிய பிடி

அல் மீனா,
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் ஹனாதிக்கு உன் உம்மா வதாத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அண்ணன் முன்ஸிரும் உன் தம்பி மகள் ஜுமானாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளை வலீதும் குழந்தையும் கடல் தாண்டி அந்த சிட்னியில் சுகமாக இருக்க ஒவ்வொரு வேளையும் கையேந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசினால் ஜுமானா பக்கத்திலேயே நிற்பாள், இது அவளைப் பற்றியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் எழுத்தைப் பார்த்து அன்றைக்கே டீச்சரம்மா அசந்து போனாள், அதனால் பிழை தேடி வலீதிடம் காட்டிச் சிரிக்காதே.

நாரத்தம் பூ இந்த வருஷம் நிறையப் பூத்தது, பூநீர் வடித்து வைத்திருக்கிறேன், உனக்கும் ஒரு புட்டி வரும். குழந்தைக்கு இருமல் என்றாயே, ராத்திரி தலையில் துணி கட்டு, அந்த ஊர் டாக்டர் வேண்டாம் என்றாலும் கட்டு. ஜெனரேட்டர்காரன் மாலையில் மட்டும்தான் கரண்ட் விடுகிறான், கேட்டால் டீசல் இல்லை என்று என்னிடமே அழுகிறான். முன்ஸிருக்கு இடுப்பு வலி, ஆனாலும் தச்சுப் பட்டறையில் மரத்தை அவனே தூக்குவான், வேலைப் பையன்களை விட மாட்டான், அவன் வாப்பாவின் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

ஜுமானாவுக்கு நீ அனுப்பிய ஜாய்ஸ்டிக் இரண்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றுதான் அவள் செய்த ஆட்டப் பெட்டியில் ஏறியது, இன்னொன்று அட்டைக்குள்ளேயே கிடக்கிறது, அதைக் கேட்டு நீ வருத்தப்படக் கூடாது, அதற்குக் காரணம் இருக்கிறது. உன் வாப்பா துறைமுகத் தெருவில் வைத்திருந்த வீடியோ ஆட்டக்கடையின் கடைசிப் பெட்டி நம் கிடங்கில் உப்புக் காற்றில் உளுத்துப் போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் இவள் வீட்டிலேயே புதிதாக ஒன்று செய்கிறேன் என்று ஆரம்பித்தாள். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி தூக்கிப் போட்ட பழைய டிவி ஒன்று, அவ்வளவுதான், வயர் எல்லாம் இவளே ஈயம் வைத்து ஒட்டினாள். தொழில் கல்லூரியில் இவள் வகுப்பில் இவள்தான் முதல், பையன்கள் எல்லாம் இவளிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள். பெற்றவள் விட்டுவிட்டுக் கண்மூடிய பிள்ளையை நான் வளர்த்தேன், பெருமைப்பட்டால் தப்பா சொல்.

ஆனால் பெட்டி யாருக்காக என்று நான் முதலில் கேட்கவில்லை. உன் தம்பி ஃபவ்வாஸ் சைப்ரஸ் போய்ச் சம்பாதித்து மகளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று நடுக்கடலில் கவிழ்ந்த அந்தப் படகில் ஏறிப் போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் யாரையும் ரொம்பக் கேட்பதில்லை. பிணமாய்க் கரை ஒதுங்கியவர்களில் அவன் இல்லை, உயிரோடு கரை சேர்ந்தவர்களிலும் அவன் இல்லை. உடல் இல்லாமலே ஜனாஸா தொழுதுவிடலாம் என்று முன்ஸிர் சொல்லும்போதெல்லாம் ஜுமானா எழுந்து போய்விடுவாள். என்னை நீதான் அடக்கம் பண்ணணும் என் உயிரே என்று இந்த ஊர் உம்மாக்கள் கொஞ்சுகிற மாதிரிதான் நானும் அவனைக் கொஞ்சினேன், இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கினால்கூட அந்த வார்த்தையைச் சொல்லாமலே இறக்கிவிடுகிறேன்.

நீ அனுப்பியது வந்த பிறகும், கடையில் இருக்கிற மற்ற ஜாய்ஸ்டிக் பிடிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க நானும் அவளும் தல் சதுக்கத்தில் அபூ ஹைதம் கடைக்குப் போனோம். என்னைப் பார்த்ததும் அவன், "ஹஜ்ஜா, பேத்திக்குக் கல்யாணச் சாமான் வாங்கற நேரத்துல விளையாட்டுச் சாமானா?" என்றான். "பொண்டாட்டிக்குப் பயந்து கடையிலயே பாய் போட்டுப் படுக்கிறியாமே, உன்னை விடவா நான் விளையாடறேன்?" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணாடி மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சீனாவிலிருந்து வருவது மலிவு, ஆட்டினால் பழைய கட்டில் போலக் கிறீச்சிடுகிறது. உருண்டைத் தலை வைத்தது ஜப்பான்காரர்களுடையது, நீ அனுப்பினாயே அந்த ஜாதி, இரண்டு விரல் போதும். தலை பேரிக்காய் மாதிரி இருப்பது கனம், அதற்குத் தோளே வேலை செய்ய வேண்டும். ஜுமானா ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் இருக்கிற தகட்டைப் பார்த்தாள். அந்தத் தகட்டின் ஓட்டை எட்டு மூலையாக இருந்தால் பிடி நழுவி நழுவிச் சுற்றுமாம், சதுரமாக இருந்தால் மூலையில் போய் நின்றுவிடுமாம். "எனக்குச் சதுரம்தான் வேணும், மாமா. மூலைக்குப் போனா கைக்குத் தெரியணும்" என்றாள். அப்படியானால் அத்தை அனுப்பினதே ராஜா, அதையே போடு என்று அவனே சொல்லிவிட்டான், வியாபாரி என்றாலும் நியாயஸ்தன்.

அப்புறம் இவள் பையிலிருந்து துணியில் சுற்றின ஒன்றை எடுத்தாள். வாப்பாவின் பழைய பெட்டியில் இருந்த இரும்புப் பிடி, பேரிக்காய்த் தலை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருக்கும். அபூ ஹைதம் கையில் வாங்கினதும் முகம் மாறிவிட்டது. சின்ன வயதில் நம் கடையிலேயே கிடந்தவன்தானே. "இது நண்டோட பிடியில்ல?" என்றான். உன் தம்பி இடக்கையன், இடது கையால் பொத்தானை அடிக்க வேண்டும் என்று இரண்டு கையையும் குறுக்கே மாற்றிப் போட்டு ஆடுவான், அதனால் தெருவே அவனை நண்டு என்றுதானே கூப்பிட்டது. கூடவே அவன் வாயிலிருந்து, "அல்லாஹ் அவனுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்று வந்துவிட்டது. ஜுமானா குரல் உயர்த்தவில்லை. "அது செத்தவங்களுக்குச் சொல்றது, மாமா. பாபா பயணத்துல இருக்காரு. உள்ள சுவிட்ச் மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். அவன் உடனே மாற்றிக் கொடுத்தான், காசும் வாங்கவில்லை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து ஆட, பிடியும் பொத்தானும் பொருத்துகிற பலகை வெட்ட முன்ஸிரிடம் காகிதத்தில் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு, "இது என்னடி கூத்து? முதல் இடத்துல பிடி இடப்பக்கம், பொத்தான் வலப்பக்கம், சரி. ரெண்டாவது இடத்துல எல்லாம் தலைகீழா இருக்கு. தூக்கத்துல வரைஞ்சியா?" என்றான். "வரைஞ்சது சரிதான், பெரியப்பா. அப்படியே வெட்டுங்க" என்றாள். அவன் என்னைப் பார்த்தான், நான் அடுப்பைப் பார்த்தேன். இனி கையைக் குறுக்கே போட வேண்டாம், நேராக உட்கார்ந்தே ஆடலாம் என்று அப்பனுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறாள் என்று அவனுக்கும் புரிந்தது. அதற்கப்புறம் ரம்பத்தை எடுத்து அப்படியே வெட்டினான்.

வெட்டினதிலும் ஒரு தப்பு நடந்தது. நம் ஊர்த் தச்சன் ஆயிற்றே, முன்ஸிருக்கு மரம் என்றால் கட்டிலும் அலமாரியும்தானே. பழைய இரும்புப் பிடியை அளவு வைத்துக்கொண்டு, பேரன் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்று பீச் மரத்தில் தடிமனாக இழைத்து மெருகேற்றிக் கொண்டுவந்தான். இரும்புப் பிடி அதில் ஜோராக நிமிர்ந்து நின்றது. நீ அனுப்பியது மெல்லிய தகட்டுக்கென்று செய்ததாம், அடியிலிருந்து மாட்டினால் தண்டு முழுக்க மரத்துக்குள்ளேயே போய்விட்டது, சிவப்பு உருண்டை மட்டும் பலகைக்கு மேலே தெரிந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீரில் நிற்கிற தலை மாதிரி இருந்தது ஹனாதி. முன்ஸிர்தான், "நான் அலமாரிக்காரன், தகரக்காரன் இல்ல, முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று தானாகவே கத்திக்கொண்டிருந்தான். ஜுமானா அந்த உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். நான் நின்று பார்த்தேன். போனவனுடைய பிடி நிமிர்ந்து நிற்கிறது, இருக்கிறவளுடைய பிடி முங்கிக் கிடக்கிறது. அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்ஸிர் அடிப்பக்கம் உளி வைத்துக் குடைந்து அதை மேலே ஏற்றிக் கொடுத்தான், இப்போது சரியாகத்தான் நிற்கிறது, ஆனாலும் என் கண்ணுக்கு அது அப்படியேதான் இருந்தது.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் மாலையில் கரண்ட் வந்தவுடன் அவள் உட்காருவாள். இரண்டு பேர் சண்டை போடுகிற ஆட்டம். இரண்டு இடத்துக்கும் இவளே பொத்தானை அமுக்கித் தொடங்குவாள், அப்புறம் கையை மடியில் வைத்துக்கொள்வாள். திரையில் அந்த இரண்டு உருவமும் எதிரெதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், ஒருத்தரும் அடிப்பதில்லை. நேரம் தீர்ந்ததும் இரண்டு பேருமே தோற்றதாக எழுத்து வரும், மறுபடி தொடங்குவாள். என்ன பொழுதுபோக்கு இது என்று முன்ஸிர் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்து வெளியே போவான். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு மதியம் ஜுமானா கல்லூரியில், முன்ஸிர் பட்டறையில், கரண்ட்டும் இல்லை. நான் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன், அந்த அறையிலிருந்து டிக் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த இரும்புப் பிடி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, நான் பார்க்கப் பார்க்க மெல்ல நடுவுக்கு வந்தது, யாரோ அப்போதுதான் கையை எடுத்த மாதிரி. ஸ்பிரிங்குக்கு வயசாகிவிட்டது, நானே தொட்டிருப்பேன், அவ்வளவுதான் உம்மா என்றான் முன்ஸிர் சாயங்காலம். அவன் தொட்டது காலையில். நான் பிஸ்மி சொல்லிக் கதவைச் சாத்தினேன், அப்புறம் பாவமாக இருந்தது, திறந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் நீ போன் பண்ணி, ஜுமானாவுக்குச் சிட்னியில் படிக்க இடம் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, இந்த மாசத்துக்குள் யுனிவர்சிட்டிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றாய், அவள் வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நீ அழுதாய் என்று அவளே என்னிடம் சொன்னாள். மறுநாள் கரண்ட் வந்ததும் நான் போய் அந்த இரண்டாவது முக்காலியில் உட்கார்ந்தேன். "தேத்தா, எழுந்திரு. அது பாபா இடம்" என்றாள். "தெரியும். அவன் என் வயித்துல உக்காந்திருந்தவன், அவன் இடத்துல நான் உக்காரக் கூடாதா? நகராம ஆடு" என்றேன். அவள் ஆடவில்லை. வழக்கம் போல இரண்டு உருவமும் நின்று மூச்சு வாங்கின. "நான் போயிட்டு, அவரு வந்து கதவத் தட்டினா?" என்று கேட்டாள், இத்தனை நாளில் அன்றுதான் கேட்டாள். "நான் திறப்பேன். மகனுக்குக் காத்திருக்கிறது உம்மா வேலைடி. உனக்கு யாரு குடுத்தா அந்த வேலைய? என் வேலைய என்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அந்த இரும்பைப் பிடித்து இழுத்து, எது எது என்று தெரியாமல் பொத்தானையெல்லாம் குத்தினேன், என் ஆள் போய் அவள் ஆளை ஓங்கி விட்டான் ஒரு அடி. அவள் துள்ளி எழுந்து, "தேத்தா! அடிக்கிறியா?" என்றாள். "சும்மா நின்னா அடிக்கத்தான் செய்வாங்க. திருப்பி அடி. அடிடீ!" என்றேன். அவள் அடித்தாள். அப்புறம் இன்னொன்று. என் ஆள் மல்லாந்து விழுந்து அப்படியே கிடந்தான். ஜுமானா அந்த விழுந்த உருவத்தைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். படகுச் செய்தி வந்த நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. நான் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் அவளே உனக்குப் போன் பண்ணி வருகிறேன் என்றாள், மற்றது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது. போன வாரம் பயணப் பெட்டி கட்டும்போது, உன் அப்பன் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ, துணையாக இருக்கும் என்றேன். வேண்டாம் என்றாள். தன்னுடைய சிவப்பு உருண்டையைக் கழற்றி, அட்டையில் கிடந்ததோடு சேர்த்துத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். "அது இங்கேயே இருக்கட்டும் தேத்தா, நீ உக்காரணும்ல" என்றாள். இப்போது அந்தப் பலகையில் முதல் இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது, அதன் மேல் பூத்துணி ஒன்றை விரித்திருக்கிறேன். நான் இரண்டாவது இடத்தில் உட்காருகிறேன், எதிரே ஆள் இல்லாததால் ஆட்டம் தொடங்குவதில்லை, வெறும் பெயர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, என் வேலைக்கு அது போதும்.

அவளுக்கு முன்னாடி அங்கே வருகிற ஒருத்தரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அதனால் விமான நிலையத்துக்கு நீயே வா, வலீதை மட்டும் அனுப்பாதே. வந்த அன்று எதையும் கேட்காதே, சாப்பாடு போடு, தூங்க விடு. ஸாத்தர் பொடி அவள் பையில் இருக்கிறது, மலூக்கியாக் கீரை உலர்த்தினது அடியில் இருக்கிறது, அதிகாரி கேட்டால் மருந்து என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீ தலைமுடியை வெட்டிக்கொண்டதாக போட்டோவில் பார்த்தேன், இனி வெட்டாதே. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நிழலில் வைக்கட்டும், உன் குழந்தைக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் பெருகட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே வந்ததும் அவள் வலீதிடம் பலகை வெட்டித் தரச் சொல்வாள், எனக்குத் தெரியும். ஒரு இடம் கேட்டால் உடனே வெட்டிக் கொடுக்கச் சொல். இரண்டு கேட்டால், ரெண்டாவது யாருக்கும்மா என்று மெதுவாகக் கேள். உயிரோடு இருக்கிற ஒருத்தர் பெயரைச் சொன்னால் மட்டும் வெட்டிக் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் உம்மா,
வதாத்