ராணியின் இடது கண்

ஐப்பசி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். நடவு ஆள் வரவில்லை. நாய் ராணிக்கு இடது கண் இன்னும் வெளியே தள்ளிக்கொண்டு. மூன்று வாரமாகத் தும்பைச் சாறு, பலனில்லை.

எல்லாம் கொழுந்தன் செல்வம் அடித்த அடி. அண்டை கழிக்கிறேன் என்று வருஷா வருஷம் எங்கள் வரப்பைச் சீவி, ஒரு முழத்தைத் தன் வயலில் சேர்த்துக்கொண்டவன், நாயையா விடுவான்? ஸ்டேஷனில் மனு கொடுத்தாயிற்று. வரப்பு, கண், இரண்டும் ஒரே மனுவில். போட்டோவும் வைத்தேன். "நாய்க்கெல்லாம் புகாராம்மா?" ஏட்டு சிரித்தார். சிரிக்கட்டும்.

ஐப்பசி 11, புதன்
ஒரத்தநாடு, மாட்டாஸ்பத்திரி. பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை, லோடு ஆட்டோ. டாக்டர் சின்னப் பெண். கண்ணை விட்டுவிட்டுக் கழுத்தைத் தடவினாள். தாடைக்கடியில் கொட்டைப்பாக்கு அளவு கட்டிகள். பின்காலிலும். நான் பார்த்ததே இல்லை. ஊசியில் உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்தார்கள்.

"இது அடிபட்ட கண்ணு இல்லம்மா. நிணநீர்ப் புற்று. கண்ணுக்குப் பின்னால வளந்து வெளிய தள்ளுது. உடம்பு முழுக்கப் பரவிடுச்சு."

"முன்னாடியே வந்திருந்தா?"

"கொஞ்ச நாள் கூட இருந்திருக்கும். வலியாவது குறைஞ்சிருக்கும்."

போட்டோ எடுக்கத் தெரிந்தது, தூக்கிக்கொண்டு ஓடத் தெரியவில்லை. சீ, நானும் ஒரு மனுஷி.

ஐப்பசி 12, வியாழன்
வெயில். மாத்திரையைச் சோற்றில் பிசைந்தேன், துப்பிவிட்டது. வக்கீல் போன். விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டர் சீட்டை யாருக்கும் காட்டாதீங்க. கண்ணு மேட்டர்தான் நம்ம மனுவுக்கே பலம்."

சரி என்றேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து பேசினார், அவரும் அதையேதான் சொன்னார். கூடப் பிறந்த தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேனா?
சீட்டு அரிசி டப்பாவில்.

ஐப்பசி 15, ஞாயிறு
ராணியைக் காணோம். தேடினால் செல்வம் வீட்டுக் கொல்லையில் படுத்திருக்கிறது. குட்டியிலிருந்து அவன் கையில் தின்ற நாய். அவன் நாலடி தள்ளிக் குந்தியிருந்தான்.

"நான் அடிக்கல அண்ணி. ஸ்டேஷன்லயும் சொல்லிட்டேன். தண்ணி வைக்கக்கூட பயமா இருக்கு. அதுக்கும் எழுதிக் குடுப்பீங்க."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மொதல்ல வரப்பப் பத்திப் பேசுங்க தம்பி" என்றேன்.

ஐப்பசி 16, திங்கள்
மழை. விடியும்போது ராணி போய்விட்டது, அங்கேயே. குழி செல்வம்தான் வெட்டினான். தன் வயலில், வரப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"போட்டோ எடுத்துக்கங்க அண்ணி. உங்க பக்கம் நான் தொடல."

எடுத்தேன்.