பாத்ரூம் பக்கத்து நாற்காலி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதும் இந்த முறை பேச்சுக்காக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன், நிஜத்தைச் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் சிக்னல் சரியில்லம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். முதலில் அப்பா விஷயம். அப்பாவுக்குக் குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான் என்று உன் தங்கை சொன்னாளே, அது பொய், அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். மலம் போக வயிற்றில் ஒரு வழி வைத்துப் பை மாட்டியிருக்கிறது, இனிமேல் அப்படித்தான். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டார், அதனால் பதறாமல் படி. அவர் சொல்ல வேண்டாம் என்றதை நான் எழுதக் காரணம், உனக்கும் அதே நோய் இருக்கிறதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்பது சின்ன வயதிலிருந்து உனக்குத் தெரியும், எவ்வளவு சரியில்லை என்பது தெரியாது. குடலெல்லாம் புண், வீக்கம், ரத்தமாகப் போகும். பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு வரக் கூடாத வியாதி. எந்த பெட்ரோல் பங்க்கில் கழிவறை பூட்டியிருக்கும், எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் சாவி கொடுப்பார் என்று அவருக்கு அத்தனையும் மனப்பாடம். வண்டி எடுக்கும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆஸ்பத்திரி மாத்திரை கொஞ்சம் அடக்கி வைத்தது, முழுசாக நிற்கவில்லை, கடைசியில் டிப்போவில் கேட் பக்கம் உட்கார வைத்துவிட்டார்கள். வண்டிகள் போவதும் வருவதும் எழுதுகிற வேலை. அதில் அவர் பாதி ஆளாகிவிட்டார்.

அப்போதுதான் அவருடைய பழைய கண்டக்டர் சொல்லி ஆயுர்வேத வைத்தியரம்மாவிடம் போனோம். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை, படியேறும்போதே கஷாய வாசனை. அந்த அம்மா நாக்கைப் பார்த்து நாடி பார்த்து, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க, எப்படித் தூங்குவீங்க, யார் மேல கோபம் வரும் என்றெல்லாம் கேட்டார். கோபம் என்றதும் உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், நாங்கள் மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அடியோட போயிடும்னு நான் சொல்லமாட்டேன், அடங்கி இருக்க வைக்கப் பார்க்கலாம் என்றுதான் அவர் சொன்னார். குடசப்பாலைப் பட்டைக் கஷாயம், வெண்ணெய் எடுத்த மோரில் சுக்குப் பொடி, காரம் கூடாது, நேரம் தவறாமல் குழைந்த சோறு, பின்வழியாக மருந்து ஏற்றும் சிகிச்சை வேறு. அதற்கு உன் அப்பா கல்யாணப் பெண்ணைவிட அதிகமாக வெட்கப்பட்டார். ஆனாலும் எல்லாம் செய்தார். கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, இதுக்கு டீசலே தேவலாம் என்பார். மெல்ல மெல்ல உடம்பு தேறியது. மறுபடி வண்டி கொடுத்தார்கள், அன்றைக்கு யூனிபார்மை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

இனிமேல்தான் நாங்கள் செய்த கூத்து. வைத்தியரம்மா முதல் நாளே, இங்கிலீஷ் மாத்திரை ஏதாவது ஓடுதா என்று கேட்டார். இல்லம்மா, விட்டாச்சு என்று அப்பா சொல்லிவிட்டார், மாத்திரை என்றால் அந்த அம்மா மனசு கஷ்டப்படுமாம். ஆஸ்பத்திரி டாக்டர், வேற மருந்து எதுவும் எடுக்கறீங்களா என்று கேட்டார். இல்லவே இல்ல சார் என்றார், சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு பார்க்க மாட்டாராம். இரண்டு பேரிடமும் அவ்வளவு மரியாதை உன் அப்பாவுக்கு. நானும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி போகிற காலையில் அவர் வாயில் கஷாய வாசனை வரக் கூடாது என்று ஏலக்காய் கொடுத்து அனுப்பியவள் நான்தான். அவர் நன்றாக இருப்பதைப் பார்த்து டாக்டர் தன் மருந்துதான் கேட்கிறது என்று நினைத்து மாத்திரையைக் குறைத்தார். அதே சமயம் வைத்தியரம்மாவும் தன் மருந்துதான் கேட்கிறது என்று கஷாயத்தைக் குறைத்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடியை விட்டால் என்ன ஆகும். மறுபடி ரத்தம் போனதை அவர் என்னிடமே மறைத்திருக்கிறார், சொன்னால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று. ஒருநாள் பாதி வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கை பிரேக் போட்டு, பயணிகளிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்கியவர் திரும்பி வரவில்லை. கண்டக்டர் போய்க் கழிவறைக் கதவைத் தள்ளிப் பார்த்தபோது தரையில் கிடந்தாராம். அதை அவர் சொன்னதிலிருந்து அந்தக் கதவு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு வைத்தியரம்மா வார்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெண்டையும் நீங்க தாராளமா எடுத்திருக்கலாமே, சொல்லியிருந்தா நானே டாக்டர்கிட்ட பேசியிருப்பேனே என்று சொல்லி அழுதார். டாக்டரும் அதேதான் சொன்னார், தெரிஞ்சிருந்தா இப்படிக் குறைச்சிருக்க மாட்டேன் என்றார். அப்படியிருந்தால் குடல் தப்பியிருக்குமா என்று கேட்டேன், அதை உறுதியா சொல்ல முடியாதும்மா என்றுவிட்டார். நாங்கள் யாருக்குப் பயந்து ஒளித்தோமோ அந்த இரண்டு பேரும் வராந்தாவில் நின்று அப்பாவுக்கு என்ன கஞ்சி கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவராகவே பேசினார். உன் தங்கைக்கு வேலை கிடைத்ததற்கு ஹோட்டலுக்குப் போனோமே, நீ வந்திருந்த சமயம். அன்னிக்கு அந்த பாத்ரூம் பக்கத்து நாற்காலிய நானும் அவனும் ஒரே நேரத்துல பிடிச்சோம், நீ கவனிச்சியா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. அந்த நாற்காலிய யாரும் ஆசைப்பட்டு எடுக்க மாட்டாங்க, நான் விட்டுக் கொடுத்துட்டேன், அவன் வாய திறந்தா நானும் சொல்லலாம்னு இருந்தேன், அவனும் சொல்லல நானும் சொல்லல என்றார். அதற்கப்புறம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காரில் கிளம்பும் முன்பு நீ ஒன்றும் சாப்பிடாதது, இளைத்துப் போனதற்கு ஜிம் என்று சொன்னது, வீடியோவில் பேசும்போது பாதியில் எழுந்து போவது. பெற்றவள் நான், எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நீ இன்றே ஒரு நல்ல டாக்டரைப் பார். கஷாயம் குடிப்பதானால் அதையும் குடி, நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், வைத்தியரம்மாவிடம் உனக்காகவும் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இவரிடம் அவரைப் பற்றியும் அவரிடம் இவரைப் பற்றியும் சொல்லு. நீயாக எதையும் நிறுத்தாதே, குறைக்காதே. வெட்கப்படாதே கண்ணா, வெட்கப்பட்டு நாங்கள் இழந்தது போதும். பதில் எழுதும்போது முதல் வரியில் உன் வயிற்றைப் பற்றி எழுது, மற்ற கதையெல்லாம் அப்புறம். உன் உடம்பு தேறி நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் பாத்ரூம் பக்கத்து நாற்காலி எப்போதும் அப்பாவுடையது, உனக்குத் தெரியும். நேற்று ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். எனக்கு இனிமே அது வேணாம், அவன் வந்தா உக்காரட்டும் என்றார்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா