பாலத்தில் நிற்காத வண்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே குறைவின்றி இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது, வாய் மட்டும் தணியவில்லை. உன் தங்கை சின்னவளைப் பற்றித் தொலைபேசியில் உன் காதுக்கு வந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன்.

நமக்கும் அக்கரை ஊருக்கும் நடுவேயுள்ள பாலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கைப்பிடி பாதிவரை பச்சை, மறுபாதி வெள்ளை; இரு மாவட்டத்தாரும் ஒரே சாயத்துக்குச் சம்மதிக்காததால், நம் பாதியைப் பராமரிக்கும் பொறியாளனாகிய நான் பச்சையோடு நின்றுகொள்கிறேன். ஆம்புலன்சுகளுக்கும் அதுவே விதி. இதய சிகிச்சை அக்கரை மருத்துவமனையில்தான் உண்டு. ஆயினும் நம் வண்டி சாயம் மாறும் எல்லைக் கோட்டில் நின்று, அவர்கள் வண்டி வந்த பின்பு நோயாளியைத் தூக்கி மாற்ற வேண்டும். சென்ற மாதம் சின்னவள் ஓட்டிய வண்டியில் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தவர் நம் தெருத் தையற்காரர். அக்கரை வண்டி வந்தபாடில்லை. உடனிருந்த செவிலியர் விதியை நினைவூட்ட, "கோடு ரோட்டுலதான் இருக்கு, இவர் நெஞ்சுல இல்ல, கெட்டியா பிடிச்சுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போயிருக்கிறாள். தையற்காரர் பிழைத்தார். இவளுக்குப் பணியிடை நீக்கம்.

செய்தி பரவியதும் இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசின. பாலத்துப் பொறியாளன் என்பதால் எனக்கும் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. இனி எந்த ஊர் வண்டியும் எந்த ஊர் மருத்துவமனைக்கும் நிற்காமல் போகலாம் என்று முடிவாயிற்று. கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் இதை வரலாறு காணாத ஒத்துழைப்பு என்றார். அதை முதலில் தனியாளாகச் செய்து காட்டியவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவளுடைய மேலதிகாரி என் தோளில் கைபோட்டு, "பொண்ணுகிட்ட ஒரு வரி மன்னிப்பு எழுதி வாங்கிக் குடுங்க சார், நாளைக்கே வண்டிச் சாவியக் குடுத்துடறேன்" என்றார். அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டேன். "எழுதச் சொல்றேன். என்ன தப்புன்னு மட்டும் நீங்க எழுதிக் குடுத்துடுங்க" என்று என் பேனாவை நீட்டினேன். வாங்கித் திறந்தார், யோசித்தார், மூடித் திருப்பித் தந்துவிட்டார்.

நீயும் அவளிடம், "எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு, வீம்பு சோறு போடாது" என்றாயாமே. அக்கறையால் சொன்னாய், அறிவேன். அவள் வேலை அடியோடு போய்விடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆயினும் ஆண்டாண்டு காலமாய்ப் பாதிப் பாலத்துக்குச் சாயம் அடித்தவன் வீட்டில் முழுப் பாலத்தையும் கடந்த ஒருத்தி பிறந்திருக்கிறாள். இந்தப் பெருமையை நான் யாருக்கும் மன்னிப்பாக எழுதிக் கொடுப்பதாக இல்லை. அக்கரை மருத்துவமனையும் அவளை வேலைக்குக் கூப்பிடுகிறது. பதில் சொல்லாமல் இருக்கிறாள். நேற்று தையற்காரர், நெஞ்சு வலி வந்தவர் படி ஏறலாமா என்று அம்மா திட்டத் திட்ட மாடி ஏறி வந்து, தானே தைத்த புதுச் சீருடையைக் கொடுத்து, தோளில் எந்த ஊர் முத்திரை வைக்கட்டும் என்று கேட்டார். "இடம் விட்டு வைங்க மாமா, எந்த ஊருக்கு முதல்ல வெக்கம் வருதுன்னு பாப்போம்" என்றாள்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, நிமிர்ந்த தலையோடு வாழ்க. ஞாயிறன்று அவளைக் கூப்பிடு. மன்னிப்பைத் தவிர எதை வேண்டுமானாலும் பேசு.

இப்படிக்கு,
சின்னவளின் அப்பா
(உனக்கும்தான்.)