கலக்காத தேநீரும் என் திருத்தமும்

நண்பரே, உம்மோடு நம் ஊராரும் கேட்கட்டும்: ஒரு கொடுமை நடந்திருக்கிறது. செய்தவன் நானே.

உம் நினைவு மலரின் மெய்ப்புப் படி என் மேசைமேல் கிடக்கிறது. அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை.

வாளையார்ப் பக்கத்துக் கூட்டங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டியவர் நீர், முழங்கியவன் நான். மேடையோரம் அமர்ந்து ஏதோ எழுதிக்கொண்டே இருப்பீர். என் பேச்சைத்தான் குறிக்கிறீர் என்று நம்பிக் குரலை இன்னும் உயர்த்துவேன். இரண்டாம் மணி நேரத்தில் அருகே வந்து, "ஏனுங்க பேச்சாளரே, சோடா வேணுங்களா, இல்ல முடிச்சுக்கறீங்களா?" என்பீர்.

நீர் மறைந்தபின், மலரில் சேர்க்கச் சொல்லி உம் துணைவியார் அந்தக் குறிப்பேட்டைத் தந்தார். முழுவதும் புரட்டினேன். என் முழக்கம் ஒரு வரியும் இல்லை. இருந்ததெல்லாம் ஊரார் போகிறபோக்கில் உதிர்த்தவை. சோதனைச் சாவடியில் நின்ற சரக்குந்து ஓட்டுநர்: "இந்த லைன்ல நின்னு நின்னே என்ற மீசை நரைச்சுப்போச்சுங்க." தேநீர்க்கடை அக்கா: "சக்கரை போடலீன்னு சொல்லாதீங்கண்ணா. கலக்கலீன்னு சொல்லுங்க."

நலிந்த தமிழ் என்று இரங்கி, மூன்று நாள் அமர்ந்து திருத்தினேன். "காத்திருப்பில் கழிந்ததே என் இளமை" என்றார் ஓட்டுநர். "இனிமையின்மை என் பிழையன்று, கலக்காமை நும் பிழையே" என்றார் அக்கா.

நேற்று மதியம் உம் வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். துணைவியார் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்கண்ணா. இவீங்கெல்லாம் யாருங்க?"

குறிப்பேட்டில் இருப்பவர்கள்தாம் என்றேன்.

"சோத்துக்கு உக்காந்தா ஒவ்வொருத்தராட்டவும் பேசிக் காட்டுவாருங்க. அந்தக் கடை அக்காவே நம்மூட்டுல வந்து உக்காந்தாப்பல இருக்கும். இதுல அவியளையும் காணோம், அவரையுங் காணோமுங்க."

எத்தனையோ எதிர் மேடைகளுக்கு மறுமொழி உரைத்தவன், தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில், பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "மூணு மணி பஸ் போனா என்னங்க, நாலு மணி பஸ்ஸுக்கு நாமதான மொத ஆளு." என் சொற்பொழிவுக் குறிப்பின் பின்புறத்தில் அதை எழுதிக்கொண்டேன். ஒரு சொல்லையும் திருத்தவில்லை. இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அச்சகத்தாரே, பொறியை இப்போதே நிறுத்துங்கள். என் திருத்தங்களைக் கிழித்தெறியுங்கள். அவர் எழுதியது எழுதியவாறே வரட்டும். நான் திருத்தாமல், சொல்லாமல் நீக்கிய வரி ஒன்றும் உண்டு. என் பேச்சைக் கேட்ட முன்வரிசைப் பெரியவர் சொன்னது. அதை முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்: "நல்லாத்தான் பேசறாருங்க. மழை வந்தாத்தான் நிறுத்துவாராட்ட இருக்குது."