ஆறு மாடி கூடுதல்

ரீகா, 9 மார்ச் 2005

அன்புள்ள தம்பி இல்மார்ஸுக்கு,

ஸ்டாக்ஹோமில் குளிர் விட்டதா? எங்கள் தெருவுக்கு எதிரே இருபத்தோரு மாடி அலுவலகக் கோபுரம் வருகிறதாம். வரைபடத்தில் உன் பெயரைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் ஒரு சிக்கல். நகராட்சிக்கு எதிர்ப்பு மனு எழுதியதே நான்தான். பதினொரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அத்தானுக்குக் கட்டில்தான் உலகம். பகலில் அதன்மேல் வெயில் விழும் அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே எகோன்ஸ் கண் விழிக்கிறார். "உன் தம்பி கட்டுறானா? உச்சியில எனக்கொரு கட்டில் போடச் சொல்லு" என்று கேலி வேறு. உண்மையைச் சொல், வெயில் போய்விடுமா?

அக்கா விஸ்மா

ஸ்டாக்ஹோம், 21 மார்ச் 2005

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. கோபுரத்தின் நிழல் எப்போது எங்கே விழும் என்ற கணக்கைப் போட்டதே நான்தான். பிப்ரவரி பிறந்துவிட்டால் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை உங்கள் சன்னலில் வெயில் இருக்கும். இது என் வாக்கு. மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எனக்குப் பெரிய உதவி. சொந்த அக்காவே எதிர்க்கிறாளா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அத்தானுக்கு என் அன்பு.

இல்மார்ஸ்

ரீகா, 14 பிப்ரவரி 2007

அன்புள்ள தம்பி,

கோபுரம் எழுந்துவிட்டது. பிப்ரவரி பிறந்து இரண்டு வாரமாகியும் எங்கள் சன்னலுக்கு வெயில் வரவில்லை. முற்றத்தில் நின்று மாடிகளை எண்ணினேன். இருபத்தேழு. திரும்பவும் எண்ணினேன், அதே இருபத்தேழுதான்.

பக்கத்து வீட்டு ஔஸ்மா வேலி ஓரமாக நின்று, "உன் தம்பி சொன்னான்னுதானே நாங்களும் மனுவ வாபஸ் வாங்கினோம்?" என்றாள். நேற்று நடுப்பகலில் எகோன்ஸ், "விளக்கப் போடேன் விஸ்மா, பொழுது சாஞ்சிருச்சு" என்றார். போட்டேன்.

எகோன்ஸ் சொல்வதுபோல், உனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுது. நம்பிக்கொள்கிறேன்.

அக்கா

ஸ்டாக்ஹோம், 2 மார்ச் 2007

அக்கா,

எனக்குத் தெரியும். ஆறு மாடி கூட்டியபோது புதிய நிழல் வரைபடத்தில் கையெழுத்திட்டதும் நான்தான். ஏப்ரல் கடைசிவரை உங்கள் வீட்டில் வெயில் படாது என்று அதிலேயே இருந்தது. உனக்கு எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. மறுத்தால் வேலை போயிருக்கும் என்று சொல்லலாம்; அதைச் சொல்லவும் கூசுகிறது.

இங்கே தெற்குப் பக்க அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அத்தானை அழைத்து வா. கப்பலுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

இல்மார்ஸ்

ரீகா, 19 மார்ச் 2007

இல்மார்ஸ்,

எகோன்ஸ் பதினோராம் தேதி போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது. அதற்கு உன் கட்டிடம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

உன் கடிதம் ஏழாம் தேதியே வந்தது. படித்து முடித்து மடித்தேன். "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

"அவனுக்குத் தெரியாமலே நடந்திருச்சாம்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே. பாவம், பையன் மனசு என்ன பாடு படுதோ. நீ அவன ஒண்ணும் சொல்லாத."

நாற்பத்திரண்டு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. உனக்காகச் சொன்னேன். அதை நம்பிக்கொண்டே போய்விட்டார். இனி திருத்திச் சொல்லவும் வழியில்லை.

அடக்கத்துக்கு உன்னை அழைக்கவில்லை. இனிமேல் எழுதாதே.

விஸ்மா