உழிஞை தோசை

அம்மணி,

இன்று காலை உழவர் சந்தையில் ஒரு பெண் முடக்கத்தான் கட்டை உதறியபோது பச்சை வாசம் எழுந்தது. கூட்டத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்டேன். அரை நிமிடம் போல நீ என் பக்கத்தில் நின்று, கீரையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

நாம் இருவருமே தமிழ் வாத்தியார்கள். சண்டையைக்கூடப் பழம்பாட்டின் முறைப்படிதான் போட்டோம். என் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் ஒரு கொத்து வெட்சி இருந்தால் போர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஊருக்கு அது இட்லிப்பூ. எனக்குப் போர் முரசு. அக்கம்பக்கத்தில் நம்மைச் சண்டையே போடாத ஜோடி என்றார்கள்.

தொண்டாமுத்தூர் வீட்டை விற்றுவிட்டு பெங்களூரில் இருக்கும் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ வாசல் நிலையில் நொச்சிக் கொத்தைச் செருகினாய். கோட்டையைக் காப்பவர் சூடும் பூ அது. நான் விடுவேனா? முற்றுகையிடுபவர் சூடும் உழிஞையை வேலியிலிருந்து பறித்து வந்து மேசைமேல் வைத்தேன். உழிஞை என்பது முடக்கத்தான்தானே. நீ அதை அரைத்து, மாவில் கலந்து, தோசை வார்த்துவிட்டாய்.

"கோட்டையப் புடிக்க வந்தவருக்கு முட்டி வலிக்குதுங்களே, சாப்புடுங்க" என்றாய். சிரித்துக்கொண்டே நான்கு தின்றேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுவாரம், நேருக்கு நேர் நிற்கும் கடைசிப் போருக்குரிய தும்பையை வைத்துவிட்டு, உன் பதில் பூவுக்காகக் காத்திருந்தேன். நீ வெறுங்கையோடு வந்தாய்.

"உங்க இஷ்டப்படியே செஞ்சுபோடுங்க" என்றாய்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வெற்றிக்குரிய வாகைப் பூவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி சாயங்காலம் முழுக்கத் தோட்டத்தில் நடந்தேன்.

உன் நோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னதை, அதற்கு முந்தின நாளே நீ தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாய். எனக்கு அது தெரியப் பத்து நாளாயிற்று. நாமே போட்டுக்கொண்ட விதி ஒன்று உண்டு. பூ இல்லாமல் வருகிறவரோடு போர் கிடையாது. உட்கார வைத்து, என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை, அம்மணி.

நீ போன பிறகும் வீட்டை விற்கவில்லை. நேற்று மகன் போனில் பேசினான். இந்த வருஷமும் இங்கேதான் இருப்பேன் என்றேன். எப்போதும் அரை மணி நேரம் வாதாடுகிறவன், "சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டான். நான் போனை வைக்க விடவில்லை.

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா கண்ணு?" என்று கேட்டேன்.

ஒன்றுமில்லை என்றான். மறுபடியும் கேட்டேன்.